நானூறு பேப்பரும் நான்கு பக்கமும்

அன்புள்ள சார்,

வணக்கம். உங்கள் தளத்தை நான்கைந்து ஆண்டுகளாக வாசிக்கிறேன். எழுதத் தோன்றியதில்லை. இப்போது எழுதுவது வீட்டு விஷயம்.

என் மகள் எம்.எஸ்ஸி. முடித்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கியிருக்கிறாள். புற்றுநோயை மூலக்கூறு அளவில் ஆராய வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது என் அக்கா மார்பகப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். அப்போது பிடித்த பிடிவாதம் இது. இப்போது பிஎச்.டி.க்கு இரண்டு பேரிடம் இடம் இருக்கிறது. முதல் பேராசிரியருக்கு இருபது வருட சர்வீசில் நானூறுக்கு மேல் பேப்பர்கள், ஹெச்-இண்டெக்ஸ் 60. ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியலில் பெயர் வந்து, நாளிதழில் படமும் போட்டிருந்தார்கள். இரண்டாவது பேராசிரியை. அவருக்கும் ஏறக்குறைய அதே சர்வீஸ்தான். மொத்தம் முப்பத்தெட்டு பேப்பர்கள். மகள் இரண்டாமவரிடம்தான் சேருவேன் என்று நிற்கிறாள். காரணம் கேட்டால், “அவங்க பேப்பரைப் படிச்சேன்ப்பா, அவ்வளவுதான்” என்கிறாள். பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கும் என் மைத்துனர், “நானூறு எங்கே, முப்பத்தெட்டு எங்கே மச்சான்? பிள்ளை பேச்சைக் கேட்டு ஏமாந்துடாதீங்க” என்கிறார்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணைக் கண்டால் நம்பிவிடுகிற ஆள். ஒரு விஞ்ஞானியின் தகுதியை இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் வேறு எதை வைத்துச் சொல்வது? நீங்கள் அறிவியல் எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

பெயர், ஊர் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். அந்த இரண்டு பேராசிரியர்களையும் யாரென்று காட்டிக்கொடுக்கக்கூடிய வரிகளையும் நீக்கியிருக்கிறேன். நாளைக்கு உங்கள் மகள் அவர்களில் ஒருவர் முன்னால் போய் நிற்க வேண்டியவர்.

கணக்கு வாத்தியார் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஹெச்-இண்டெக்ஸ் என்பதை 2005-ல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். கலிஃபோர்னியாவின் சான் டியகோவில் இருப்பவர். ஒருவருடைய கட்டுரைகளை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்பதை வைத்து இறங்கு வரிசையில் அடுக்குங்கள். வகுப்பில் ரேங்க் போடுவது போலத்தான். மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். வரிசை எண்ணும் மேற்கோள் எண்ணும் சந்திக்கிற இடம்தான் ஹெச். 60 என்றால், குறைந்தது 60 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 60 இருக்கின்றன என்று பொருள்.

அழகான யோசனை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இதன் கோளாறு உங்களுக்கு இந்நேரம் பிடிபட்டிருக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதைப் பத்தாயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் அவருடைய ஹெச் 1. இன்னொன்று, இந்த எண் ஏறும், இறங்காது. ஆள் செத்த பிறகும் ஏறலாம்.

இடையில் என் சொந்தக் கதை ஒன்று. எழுத வருவதற்கு முன் மூன்று வருடம் ஒரு ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாக இருந்தேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் இன்றும் என் பெயர் ஒரு கட்டுரையில் இருக்கிறது, ஏழாவது ஆளாக. அதற்கு இதுவரை பதினோரு மேற்கோள்கள். அவற்றில் ஏழு எங்கள் கைடே தன்னுடைய அடுத்தடுத்த கட்டுரைகளில் காட்டியவை. அந்தக் கட்டுரையில் என் பங்கு என்ன தெரியுமா? செல்களுக்குத் தீனி மாற்றியது. சனி, ஞாயிறு உட்பட. ஆனால் கணக்கில் எனக்கும் பதினொன்று, வேலையை யோசித்துச் செய்த ஆய்வக அக்காவுக்கும் பதினொன்று.

சரி, அந்த 2 சதவீதப் பட்டியல். ‘ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் அறிவித்துள்ள’ என்றுதான் நம் நாளிதழ்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. பல்கலைக்கழகம் யாரையும் தேர்ந்தெடுத்து மாலை போடுவதில்லை. அங்கே பேராசிரியராக இருக்கும் ஜான் அயோனிடிஸும் சக ஆய்வாளர்களும் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தை வைத்துக் கணக்குப் போட்டு வெளியிடும் அட்டவணை அது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வாழ்நாள் முழுவதற்குமான கணக்கு, மற்றொன்று ஒரே ஒரு வருடத்துக்கானது. நாளிதழ்ச் செய்தியில் இது எந்த வகை என்று பெரும்பாலும் இருக்காது. தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்தால் எத்தனையாவது இடம் என்று அட்டவணையிலேயே தனியாக ஒரு கணக்கும் இருக்கிறது. உங்கள் மைத்துனரிடம் சொல்லி அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வேடிக்கை என்னவென்றால், வெளியாகும் ஆய்வு முடிவுகளில் பெரும்பாலானவை ஏன் தவறாக இருக்கின்றன என்று 2005-ல் கட்டுரை எழுதிப் புகழ்பெற்றவரும் இதே அயோனிடிஸ்தான்.

இனி எண்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஓர் ஆளைப் பார்ப்போம். புற்றுநோயை மூலக்கூறு அளவில் ஆராய விரும்பும் ஒரு பெண்ணுக்கு இவரை விடப் பொருத்தமான ஆள் எனக்குத் தோன்றவில்லை.

ஜேனட் ரௌலி 1925-ல் நியூயார்க்கில் பிறந்தவர், வளர்ந்ததெல்லாம் சிகாகோ. சிகாகோ பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தபோது உடனே சேர முடியவில்லை. 65 பேர் கொண்ட வகுப்பில் பெண்களுக்கு மூன்றே இடம். அந்த மூன்றும் நிரம்பிவிட்டிருந்தன. அடுத்த ஆண்டுவரை காத்திருந்து சேர்ந்தார். 1948-ல் பட்டம். மறுநாள் கல்யாணம். அப்புறம் வரிசையாக நான்கு ஆண் குழந்தைகள். அடுத்த இருபது வருடத்தில் பெரும்பகுதி அவர் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை பார்த்தார், அதில் சில வருடம் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான கிளினிக்கில். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று 1959-ல் பிரான்சிலிருந்து செய்தி வந்தபோதுதான் அவருக்குக் குரோமோசோம் மீது கண் விழுந்தது.

கணவருக்கு 1961-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வருட விடுப்புப் பணி. கூடவே போன இவர், சும்மா இருக்காமல் அங்கே குரோமோசோம்களை ஆராயும் வித்தையைக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்ததும் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன் என்ற ரத்தநோய் மருத்துவரிடம் போய்க் கேட்டார். ஒரு நுண்ணோக்கி வேண்டும், ஓர் இருட்டறை வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுக்கிற அளவுக்காவது சம்பளம் வேண்டும். ஜேக்கப்சன் மூன்றையும் கொடுத்தார்.

அதன் பிறகு கிட்டத்தட்ட பத்து வருடம் சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1970-ல் ரௌலிக்கு வயது 45. அன்றைக்கு ஹெச்-இண்டெக்ஸ் என்று ஒன்று இருந்து, யாராவது அவருக்குக் கணக்குப் போட்டிருந்தால், உங்கள் மைத்துனர் அவரிடம் பெண்ணைச் சேர்த்திருக்க மாட்டார். ஜேக்கப்சன் கணக்குப் போடவில்லை. இவர் எதையோ உற்றுப் பார்க்கிறார், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். எந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலிலும் இந்தப் பங்களிப்புக்கு இடம் கிடையாது.

அப்போது ரத்தப் புற்றுநோயில் ஒரு புதிர் இருந்தது. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பீட்டர் நோவெல், அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் ஹங்கர்ஃபோர்டு, இருவரும் 1960-ல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். கட்டுரைகூட இல்லை, ஒரு மாநாட்டுச் சுருக்கம். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் ரத்த செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக இருக்கிறது என்பதுதான் சேதி. அதற்கு ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் என்று பெயர் வந்தது. வால் அறுந்த குரோமோசோம். அறுந்த வால் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. தொலைந்துபோயிற்று என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்வீடனில் காஸ்பர்சன் குழுவினர் 1970 வாக்கில் குரோமோசோம்களுக்குச் சாயமேற்ற ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குவினாக்ரின் என்ற சாயத்தைப் போட்டு ஒளிரவைத்தால், ஒவ்வொரு குரோமோசோமிலும் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் தெரியும். ஒரே மாதிரிக் குச்சிகளாகத் தெரிந்தவை, அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் தனித்தனி ஆளாகத் தெரிய ஆரம்பித்தன. கணவரோடு ரௌலி இரண்டாவது முறை ஆக்ஸ்ஃபோர்டு போயிருந்த சமயம் அது. அந்த வித்தையையும் கற்றுக்கொண்டு திரும்பினார்.

நுண்ணோக்கியில் எடுத்த படங்களை வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொரு குரோமோசோமாகக் கத்தரிக்கோலால் வெட்டி ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்த மேசையில்தான் 1972-ல் முதல் விஷயம் கண்ணில் பட்டது. ஒரு வகைத் தீவிர ரத்தப் புற்றுநோயில், 8-ஆம் குரோமோசோமும் 21-ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருந்தன. அதைப் பற்றிய கட்டுரை 1973-ல் வெளியானது ‘அன்னால் த ஜெனடிக்’ என்ற பிரெஞ்சு இதழில். இன்று நம் ஊரில் பதவி உயர்வுக்கு மதிப்பெண் போடும் கமிட்டி அதன் இம்பாக்ட் ஃபாக்டரை, அதாவது அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்ற எண்ணை, பார்த்துவிட்டு என்ன போட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அதே வருடம் ஜூன் மாதம் ‘நேச்சர்’ இதழில் இரண்டாவது கட்டுரை. பக்கம் 290 முதல் 293 வரை. நான்கே பக்கம், ஒரே ஓர் ஆசிரியர். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் உள்ள ஒன்பது பேரின் செல்களை ரௌலி பார்த்திருக்கிறார். ஒன்பது பேருக்கும் 22-ஆம் குரோமோசோமின் வால் அறுந்திருக்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதே ஒன்பது பேருக்கும் 9-ஆம் குரோமோசோமின் நுனியில் மங்கலாக ஒளிரும் ஒரு துண்டு கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே எவ்வளவு குறைந்ததோ ஏறக்குறைய அவ்வளவு அங்கே கூடியிருக்கிறது. வால் தொலையவில்லை. இடம் மாறியிருக்கிறது.

படித்தவுடன் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. செல் புற்றாக மாறிய பிறகு ஏற்படும் குழப்பத்தில் குரோமோசோமும் சிதைகிறது, அதைப் போய்க் காரணம் என்கிறாரே என்பதுதான் அன்றைய பலரின் எண்ணம். ரௌலி ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். 1977-ல் ஏ.பி.எல். (APL) என்ற இன்னொரு ரத்தப் புற்றுநோயில் 15-க்கும் 17-க்கும் இடையே அதே மாதிரி இடமாற்றம் இருப்பதைக் காட்டினார். அப்போதும் முழுக்க நம்பியவர்கள் குறைவு. 1982-ல்தான் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 9-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஏ.பி.எல்.1 (ABL1; மேலே சொன்ன நோயின் பெயரோடு தொடர்பில்லை) என்ற மரபணு அந்த ஃபிலடெல்ஃபியா குரோமோசோமுக்குப் போய்ச் சேர்கிறது என்று கண்டார்கள். 1984-ல் அது ஒட்டிக்கொள்ளும் இடமான பி.சி.ஆர். (BCR) பகுதி அடையாளம் தெரிந்தது. இரண்டும் ஒட்டி உண்டாகும் புதிய புரதம், நிறுத்தவே முடியாத சுவிட்ச் மாதிரி, செல்லைப் பெருகு பெருகு என்று விரட்டிக்கொண்டே இருக்கிறது. நோயின் வேர் அதுதான்.

சுவிட்ச் எது என்று தெரிந்தால் அணைக்க முயலலாம். சீபா-கைகி நிறுவனத்தில் நிக் லைடனின் குழு அதற்கான மூலக்கூறுகளைத் தயாரித்தது. பிரையன் ட்ரூக்கர் என்ற மருத்துவர் அவற்றைச் செல்களில் சோதித்து, விடாப்பிடியாக மனிதர்கள் வரை கொண்டுபோனார். நிறுவனம் நோவார்ட்டிஸ் ஆனது, மருந்து இமாடினிப் ஆனது. முதல் சோதனை முடிவுகள் 2001-ல் வந்தபோது, 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேரின் ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியிருந்தது. ஐந்து வருடம் கழித்து வந்த பெரிய ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 89 சதவீதம் பேர் ஐந்தாண்டுகளைத் தாண்டி உயிரோடு இருந்தார்கள். தினமும் வாயில் போட்டுக்கொள்ளும் மாத்திரை.

இதன் பெயரை நீங்கள் நாளிதழில் வேறு விதமாகப் பார்த்திருப்பீர்கள். கிளிவெக் வழக்கு. அந்த மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பத்தை 2006-ல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். சென்னை உயர் நீதிமன்றம் வழியாகவும் மேல்முறையீட்டு வாரியம் வழியாகவும் சுற்றி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரிப்பு சரியென்று தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் வாக்கில் ஆகும் என்றும், நம் நாட்டுக் கம்பெனிகளின் மருந்து எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கிடைக்கும் என்றும் அப்போது பேசப்பட்டது.

15-17 இடமாற்றத்தின் கதை இன்னும் பக்கத்திலேயே வருகிறது. ஏ.பி.எல். நோய்க்கு வைட்டமின் ஏ-யின் உறவுக்கார மருந்து ஒன்று வேலை செய்கிறது என்று ஷாங்காயில் வாங் சென்யீ குழுவினர் 1988-ல் எழுதினார்கள். ஏன் வேலை செய்கிறது என்பதற்கான விடை, அந்த 15-க்கும் 17-க்கும் இடையே ஒட்டிப்போன மரபணுவில் இருந்தது. அப்புறம் ஆர்சனிக் ட்ரையாக்சைடும் இதே நோயைக் குணப்படுத்துவதாகச் சீனாவிலிருந்தே செய்தி வந்தது. நம் சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதே பொருள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கீமோதெரபி சேர்க்காமல் அதை மட்டுமே கொடுத்து 72 நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து, 2006-ல் ‘பிளட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானோருக்கு நோய் விலகியது, நீண்ட நாள் விலகியே இருந்தது. சிகாகோவில் ஓர் அம்மாள் பார்த்ததன் தொடர்ச்சி காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரௌலியின் அந்த நான்கு பக்கங்களை இன்று யார் மேற்கோள் காட்டுகிறார்கள்? காட்டுகிறார்கள், ஆயிரக்கணக்கில். ஆனால் உண்மையில் அதைப் பயன்படுத்துகிறவர்களோடு ஒப்பிட்டால் அது கொசுறு. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 9, 22 என்று இரண்டு எண்ணைப் போட்டுக் கையெழுத்திடும் டாக்டர் யாரும் கீழே ‘ரௌலி, 1973’ என்று எழுதுவதில்லை. நீங்கள் கரும்பலகையில் பூஜ்யம் எழுதும்போதெல்லாம் பிரம்மகுப்தரைக் குறிப்பிட்டீர்களா? ஒரு கண்டுபிடிப்பு எல்லோருடைய சொத்தாகிவிட்டால் கண்டுபிடித்தவர் பெயர் அதிலிருந்து உதிர்ந்துவிடும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் எழுதியிருக்கிறார்.

மறுபக்கமும் உண்டு. உலகத்திலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை எது என்று நினைக்கிறீர்கள்? டி.என்.ஏ.வும் இல்லை, சார்பியலும் இல்லை. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை ஆலிவர் லௌரி 1951-ல் எழுதிய கட்டுரை. மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. அது அப்படியொன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லௌரியே சொல்லியிருக்கிறார். அளவுபடி மாதிரி. எல்லாக் கடையிலும் வேண்டும், அதனால் எல்லோரும் கேட்கிறார்கள்.

புற்றுநோய்த் துறையில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது, இதைத்தான் உங்கள் மைத்துனருக்கு நான் முக்கியமாகச் சொல்வேன். ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தில் ஆய்வுத் தலைவராக இருந்த கிளென் பெக்லி, மைல்கல் என்று கருதப்பட்ட 53 ஆய்வுகளைத் தன் குழுவை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தார். 6 ஆய்வுகளின் முடிவு மட்டுமே மறுபடி வந்தது என்று 2012-ல் லீ எல்லிஸுடன் சேர்ந்து எழுதினார். சரி, திரும்ப வராத ஆய்வுகளை உலகம் ஒதுக்கியிருக்கும் என்றுதானே நினைப்போம்? அவர்கள் கொடுத்த அட்டவணையைப் பாருங்கள். இம்பாக்ட் ஃபாக்டர் 20-க்கு மேல் உள்ள பெரிய இதழ்களில் வந்தவற்றில், மறுபடி வந்த ஆய்வுகளுக்குச் சராசரியாக 231 மேற்கோள்கள், வராதவற்றுக்கு 248. சரியான விடை எழுதியவனை விடத் தப்பாக எழுதியவனுக்கு மார்க் அதிகம். நீங்கள் விடைத்தாள் திருத்தியவர், இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக நானூறு பேப்பர் எழுதியவர் மோசடிக்காரர், முப்பத்தெட்டு எழுதியவர் தவசி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ரௌலியே 2013-ல் மறையும்போது ஏறத்தாழ 500 கட்டுரைகளில் பெயர் கொண்டிருந்தவர். பெரிய ஆய்வகம், பல மருத்துவமனைகளோடு கூட்டு, நிறைய மாணவர்கள் என்று இருந்தால் நானூறு நியாயமாகவே சேரும். முப்பத்தெட்டு என்பது வெறும் சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம். நான் அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன், ‘தரம்’ ‘தரம்’ என்று சொல்லியே காலத்தை ஓட்டியவர்கள்.

ஆனால் ஒரு வகுத்தல் கணக்கு போட்டுப் பாருங்கள். இருபது வருடத்தில் நானூறு என்றால் வருடத்துக்கு இருபது. பதினெட்டு நாளுக்கு ஒன்று. எலியின் உடம்பில் ஒரு கட்டி வளர்வதற்கே பல வாரங்கள் ஆகும். ஆகவே அந்த நானூறில் எவற்றை அவருடைய சொந்த ஆய்வகம் செய்தது என்று பார்க்க வேண்டும். உயிரியல் கட்டுரைகளில் ஆசிரியர் வரிசைக்கு ஓர் இலக்கணம் உண்டு. முதல் பெயர், கையால் வேலை செய்தவருடையது, பெரும்பாலும் மாணவர். கடைசிப் பெயர், அந்த ஆய்வகத்தின் தலைவருடையது. நடுவில் வருபவர்கள் என்னைப் போலத் தீனி மாற்றியவர்களிலிருந்து, ஒரு மருந்தைக் கொடுத்து உதவியவர் வரை யாராகவும் இருக்கலாம். அவர் பெயர் கடைசியாக நிற்கும் கட்டுரைகளை மட்டும் மகளை எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் அவற்றில் எத்தனை சோதனை, எத்தனை மற்றவர்கள் எழுதியதைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ என்று பிரிக்கச் சொல்லுங்கள். ரிவ்யூ எழுதுவதில் தவறில்லை. ஹனஹானும் வைன்பெர்க்கும் 2000-ல் புற்றுநோயின் ஆறு அடையாளங்கள் என்று எழுதிய ரிவ்யூ ஒரு தலைமுறைக்கே பாடப்புத்தகமாக இருந்தது. ஆனால் ரிவ்யூ சீக்கிரம் மேற்கோளைக் கூட்டித்தரும், சோதனை அப்படித் தராது.

இதை இரண்டாமவருக்கும் செய்ய வேண்டும். அவருடைய முப்பத்தெட்டில் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, அதை மேற்கோள் காட்டிய ஐந்தாறு பேரின் கட்டுரைக்குள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். எப்படிக் காட்டியிருக்கிறார்கள்? முன்னுரையில் பத்துப் பெயரோடு பதினோராவதாகப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார்களா, அல்லது ‘இன்னார் கண்டதை நாங்களும் கண்டோம், அதிலிருந்து தொடங்கினோம்’ என்று இருக்கிறதா? கல்யாண வீட்டில் மொய் எழுதியவர்கள் வேறு, பந்தியில் நின்று பரிமாறியவர்கள் வேறு. அவர் கண்டதை வேறு ஊரில், வேறு ஆட்கள், அவருக்கு எந்த உறவும் இல்லாதவர்கள் திரும்பச் செய்து பார்த்து வந்திருந்தால், அந்த ஒன்று போதும் எனக்கு.

கடைசியாக, கூகுள் ஸ்காலரில் இல்லாத ஒரு தகவல். இருவரிடமும் படித்த பழைய மாணவர்கள் எத்தனை வருடத்தில் பிஎச்.டி. முடித்தார்கள், பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மகள் அந்த இரண்டு ஆய்வகங்களுக்கும் போய், கைடு இல்லாத நேரமாகப் பார்த்து, சீனியர்களோடு ஒரு டீ குடித்துவிட்டு வரட்டும். கைடைப் பற்றிக் கேட்டால் உடனே நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். ‘போன மாசம் ஒரு சோதனை சொதப்பினப்போ மேடம் என்ன சொன்னாங்க?’ என்று கேட்கச் சொல்லுங்கள். எதிர்பார்த்த முடிவு வராத டேட்டாவை எடுத்துக்கொண்டு போகும் மாணவரிடம் ‘திரும்பப் பண்ணு, வரும்’ என்று சொல்கிற ஆய்வகம் ஒன்று எனக்குத் தெரியும். நான் மூன்று வருடத்தில் வெளியே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்டால், உங்கள் மகள் பக்கம். அந்தப் பேராசிரியையை எனக்குத் தெரியாது. அவருக்காகச் சொல்லவில்லை. இரண்டு பேரில் ஒருவருடைய எண்ணை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள், மற்றவருடைய கட்டுரையை உங்கள் மகள் மட்டும் படித்திருக்கிறார். முதலாமவருடைய கட்டுரைகளிலும் நல்லதாக இரண்டைத் தேர்ந்தெடுத்துப் படித்துவிட்டு, அப்போதும் இரண்டாமவர்தான் என்றால் விட்டுவிடுங்கள். மைத்துனரை நான் சொன்னேன் என்று சொல்லிச் சமாளியுங்கள், அவருக்கு என்மேல் கோபம் வந்தால் பரவாயில்லை.

ரௌலியின் 1973 கட்டுரையை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். மகளுக்குக் கொடுங்கள், நீங்களும் பாருங்கள். படத்தில் 9-ஆம் ஜோடியை மட்டும் கவனித்தால் போதும். இரண்டில் ஒன்றின் நுனி மற்றதை விடக் கொஞ்சம் நீண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நுனிமேல் விரலை வைத்து ஒருவர் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

அன்புடன்.